ஒரு மேலங்கி ஊசி குறைந்த நாள்

ஓய்வு பெறுகிறவர்கள்தான் இந்த மாதிரி எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனாலும் சிட்னியில், செவன் ஹில்ஸ் பட்டறையில் என் மேசையை இந்த வாரத்தோடு காலி செய்கிறேன். மெல்பர்னில், மருத்துவமனைக் கட்டில்களின் தாழ்ப்பாள்களைச் சோதிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. என் மேசைக்கு நீங்கள் இருவர் வருகிறீர்கள், ஒருவர் மதுரையிலிருந்து, ஒருவர் மட்டக்களப்பிலிருந்து. எந்தக் கம்பி, எந்தக் குறடு, எந்தப் பெட்டி என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக் கணினியில் போட்டுவிட்டேன். அங்கே எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நம் பட்டறை நாடகங்களுக்கும் விழாக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பழங்கால உடைகளைத் தைத்து வாடகைக்குக் கொடுக்கிறது. நான் செய்தது அந்த உடைகளுக்கான உலோக வேலை. அதிலும் பெரும்பாலும் மேலங்கி ஊசிகள். ஐரோப்பாவில் பொத்தானும் ஜிப்பும் வருவதற்கு முன்பு கனத்த கம்பளி மேலங்கிகளைத் தோளில் பிடித்து நிறுத்திய ஊசிகள். "இயந்திரவியல் படிச்சுட்டு ஊக்கு செய்யறியா?" என்று கோயம்புத்தூரிலிருந்து அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு வருடம் கழித்தும் அதே பதில்தான்.

ஊசியைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் ஊசியின் முகத்தைப் பார்த்து மயங்குவார்கள். பாம்புத் தலை, கொடி வேலைப்பாடு, சிவப்புக் கல். நீங்கள் அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முன்னால் எவ்வளவு அழகான தகடு இருந்தாலும், பின்னால் கம்பி மெலிந்திருந்தால் அது பட்டுத் துணிக்குத்தான் ஆகும். மழையில் நனைந்த கம்பளி மேலங்கி ஒரு கைக்குழந்தையைவிடக் கனமானது.

அடுத்து துணியைப் பாருங்கள். தளர்வாக நெய்த கம்பளியில் தடித்த ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். எடுத்த பிறகு விரலால் தேய்த்துவிட்டால் துளை மறைந்துவிடும். இறுக்கமான கம்பளியில் அதே ஊசி நிரந்தரமாக ஓட்டை போடும். அப்படிப்பட்ட துணிக்கு விளிம்பில் சின்னக் கண் வைத்துத் தைத்து, அதன் வழியாக ஊசியை ஓட்டுங்கள்.

கடைசியாக இடம். தொண்டைக்கு நேராகக் குத்தாதீர்கள், வலது தோளில் குத்துங்கள். எடை தோளில் உட்காரும். வலது கை வெளியே இருக்கும். யாராவது பின்னாலிருந்து அங்கியை மிதித்தாலும் கழுத்து நெரியாது.

இவ்வளவும் எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிந்திருந்தும் முதல் மாதத்தில் ஒரு நாடக ராஜாவின் மேலங்கி மேடையில் விழுந்தது.

அந்த ராஜாவுக்கு உடை உடுத்திவிட்டவர் சுகந்தி அக்கா. உங்களுக்கு அவரை இன்னும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர், வென்ட்வேர்த்வில்லில் வீடு, பட்டறையில் ஆட்களுக்கு உடுத்திவிடும் வேலை முழுக்க அவருடையது. அதற்கு முன்பு பல வருடங்கள் சிட்னித் தமிழ்க் கல்யாணங்களில் பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டவர். பட்டறையில் எல்லாரும் அவரை அன்ரி என்பார்கள். நான் கோயம்புத்தூர் வழக்கத்தில் அக்கா என்று கூப்பிட்டதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

அன்று அவர் மேலங்கியைச் சேலை முந்தானை போலவே குத்தியிருந்தார். மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசி வெளியே தெரியாமல் உள்பக்கமாக. இரண்டாவது காட்சியில் கம்பி நிமிர்ந்துவிட்டது. முனை உள்ளே திரும்பி ராஜாவின் தோளைக் குத்தியது. அவர் வசனத்தை நிறுத்தாமல் மேலங்கியை உதறித் தரையில் எறிந்தார். பார்த்தவர்கள் அதை ராஜ கோபம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"ஊசி வெளியால தெரிஞ்சா அசிங்கமெல்லே?" என்றார் சுகந்தி அக்கா.

"இது வெளிய தெரியறதுக்குன்னே செஞ்சதுக்கா."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, எஞ்சினியர் அம்மா."

நான் யோசித்துப் பார்த்தேன். சேலையில் ஊசி எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது இடுப்பில் செருகிய கொசுவம். ஊசி முந்தானையை நழுவவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலங்கிக்கு இடுப்பே கிடையாது. மொத்த எடையும் அந்த ஒரு கம்பியில் தொங்குகிறது. சுகந்தி அக்காவின் கை கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. சேலைக்குச் சரியானதை மேலங்கிக்குச் செய்தது. நம் தொழிலில் பழகிய ஆள் செய்யும் தவறு பெரும்பாலும் இந்த வகைதான். "கவனமா இருங்க" என்று சொல்வதால் அது நிற்காது. அந்தக் கை எங்கே பழகியது என்று கேளுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்த நாளுக்கு வருகிறேன்.

இங்கே பள்ளிக்கூடங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றில் மத்தியகால ஐரோப்பா பாடம் உண்டு. சில பள்ளிகள் ஒரு நாள் முழுக்க அதையே விழாவாகச் செய்யும். குளிர்காலத்தில் அப்படி ஒரு பள்ளிக்கு நாங்கள் போனோம். வகுப்பு முழுவதற்கும் சின்ன அளவில் கம்பளி மேலங்கிகள். அவற்றுக்காக நான் செய்தவை வில் போல வளைந்த ஊசிகள். ஒரே வெண்கலக் கம்பியை ஒரு முனையில் சுருட்டி, மறுமுனையில் கொக்கியாக மடக்கினால் வில் ஊசி தயார். நம் வீட்டு ஊக்கின் முப்பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நடுவிரல் நீளம், பிள்ளைகளுக்குச் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குட்டை.

பிள்ளைகள் புல்வெளியில் வரிசையாக நின்றார்கள். சுகந்தி அக்கா ஒவ்வொருவராக அங்கியைப் போர்த்தி, தோளில் குத்திவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். இரண்டு கையும் துணிக்கு வேண்டும் என்பதால் திறந்த ஊசிகளை உதடுகளுக்கிடையே வைத்திருந்தார். சேலை கட்டிவிடும் யாரும் அப்படித்தான் செய்வார்கள். என் அம்மாவும் செய்வார். அதனால் அது என் கண்ணில் படவே இல்லை.

வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவள் முறை வந்ததும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்ரி, உங்கட வாய் கக்டஸ் மாதிரி இருக்கு."

கள்ளிச்செடியைச் சொல்கிறாள். சுகந்தி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்காமல் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து இருமினார், நிமிர்ந்தார், கண்ணைத் துடைத்தார், அவளுடைய அங்கியைக் குத்திவிட்டார். பிறகு வரலாற்று ஆசிரியை ஏதோ கேட்க வந்தார், அக்கா பதில் சொன்னார், வரிசை நகர்ந்தது.

கடைசிப் பையனுக்கு ஊசி இல்லை.

பெட்டியில் ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு பள்ளம் வைத்திருந்தேன். பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சரியாக ஊசிகளை நானே அடுக்கினேன், காலையில் இரண்டு முறை பார்த்தேன். எல்லாப் பள்ளமும் காலி. வரிசையை மறுபடி பார்த்தோம். எல்லார் தோளிலும் ஒன்று, ஒருவர் தோளிலும் இரண்டு இல்லை. பையன் அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"புல்லுக்குள்ள எங்கயும் விழுந்திருக்கும்," என்றார் சுகந்தி அக்கா. "அந்தப் பெடியனுக்கு ஒரு சட்டைப்பின்னைக் குத்தி விடும். நேரம் போகுது." எங்கள் ஊர் ஊக்கைத்தான் அவர் சட்டைப்பின் என்பார்.

ஆசிரியையும் அதையேதான் சொன்னார். ஊர்வலத்தைப் பார்க்கப் பெற்றோர்கள் வந்து வேலியோரம் நின்றிருந்தார்கள். பள்ளி முதல்வர் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். எல்லாருக்கும் புல்தான் பிடித்த பதில். எனக்கும்தான்.

"அக்கா, இருமினீங்களே, அப்ப வாயில எத்தனை இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டோ மூண்டோ."

"தொண்டையில ஏதாவது உறுத்துதா?"

 ஒருமுறை எச்சிலை விழுங்கிப் பார்த்தார். பிறகும் கொஞ்சம் யோசித்தார்.

"அரிக்குது. இருமினதால அரிக்குது. பிள்ளை, ஊசியை விழுங்கினா எனக்குத் தெரியாதே?"

தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கவலைப்படுத்தியது அந்த யோசனைதான்.

ஊசி இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. புல், ஏதாவது ஓர் அங்கியின் மடிப்பு, சுகந்தி அக்கா. புல்லை யாரும் தேடலாம், நாளைக்கும் தேடலாம். அங்கிகளைப் பிள்ளைகள் போடாமல் இருந்தால் போதும், அவற்றால் யாருக்கும் ஆபத்தில்லை. மூன்றாவது இடத்தை நாம் கையால் தேட முடியாது. அங்கே நேரமும் நமக்கு எதிரி. நான் சொல்ல வருவது இதுதான். தொலைந்த ஊசி இருக்க வாய்ப்புள்ள இடங்களில் எது உங்களுக்கு வசதியோ அங்கே தேடத் தொடங்காதீர்கள். எங்கே இருந்தால் மோசமோ அங்கே தொடங்குங்கள். மிச்ச இடங்கள் காத்திருக்கும்.

பட்டறை முதலாளிக்குப் போன் செய்தேன். ஊர்வலம் நிற்கும், பள்ளி கோபப்படும் என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"ஊர்வலம் நிண்டா ஒருத்தரும் சாகமாட்டினம். நீர் ஆளைக் கூட்டிக்கொண்டு போம். பள்ளிக்கூடத்தோட நான் கதைக்கிறன்."

அவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அவர் சொன்னதில் எனக்கு மறக்காமல் நிற்பது இது ஒன்றுதான்.

பிள்ளைகளின் அங்கிகளைக் கழற்றி, உள்ளே மண்டபத்தின் தரையில் விரித்துப் போடச் சொன்னேன். ஒரு மாணவன் ஆய்வுக்கூடத்திலிருந்து பெரிய காந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஊசி வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று யாராவது அறிவித்திருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு மடிப்பையும் கெட்டி அட்டையால் அழுத்தித் தடவிப் பார்க்கவேண்டும், வெறும் விரலை விடக்கூடாது என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். முகம் மட்டும் சரியாக இல்லை.

புறப்படும்போது பிள்ளைகள் கழற்றித் தந்த ஊசிகளில் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். எது தொலைந்தாலும் அதே மாதிரி இன்னொன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் விவரிப்பது வேறு, மருத்துவர் கையில் கொடுப்பது வேறு.

வேனில் ஏறும்வரை சுகந்தி அக்கா சண்டை போட்டார்.

"ஊசியை விழுங்கின மனுசி எண்டு வென்ட்வேர்த்வில் கடை கடையாக் கதைக்கப் போகினம். நான் தலைகாட்ட ஏலாது."

"ஏறுங்கக்கா."

"நீர் எனக்குக் கட்டளை போடாதேயும்."

"கட்டளை இல்லைக்கா, கெஞ்சறேன். ஏறுங்க."

ஏறினார். ஏறியதும் பிளாஸ்கைத் திறந்தார். ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால் அரிப்பு அடங்கும் என்றார். எதுவும் உள்ளே போகக்கூடாது என்று பிளாஸ்கை வாங்கிப் பின்னால் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் சண்டை போடவில்லை.  பெரிய சாலைக்கு வந்ததும் கணவரை நினைத்து மெதுவாகச் சொன்னார்.

"இவருக்குச் சொல்லாதேயும். போன வருசம்தான் நெஞ்சை வெட்டித் தைச்சவங்கள். பதறிப் போவார்."

"சொல்லலைக்கா."

"உண்மையிலயே உள்ளுக்குப் போயிருந்தா வெட்டுவாங்களோ?"

"எனக்குத் தெரியாது. போய்க் கேக்கலாம்."

பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அன்று அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் என் கையை ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் விவரம் கேட்ட செவிலி நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என்ன விழுங்கியிருக்கலாம் என்று கேட்டார். மத்தியகால மேலங்கி ஊசி என்றேன். அவருடைய விரல்கள் நின்றன. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன். அதைத் திறந்து, மூடி, முனையைப் பார்த்துவிட்டு, எங்களை வரிசையில் முன்னால் அனுப்பினார். மருத்துவரும் அந்த ஊசியைத்தான் முதலில் பார்த்தார். இதைவிடப் பெரியதை எல்லாம் ஆட்கள் விழுங்கிப் பார்த்திருக்கிறோம், வந்தது சரிதான் என்றார். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எழுதினார். வெண்கலம் எக்ஸ்ரேயில் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். தெரியும் என்றார்.

எக்ஸ்ரே அறை வாசலில் ஓர் இளைஞன், உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான். சுகந்தி அக்கா தோட்டைக் கழற்றினார். வளையலைக் கழற்றினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சங்கிலி?" என்றான் அவன். ஸ்வெட்டரின் கழுத்தோரம் தங்கம் மின்னியதைப் பார்த்திருக்கிறான்.

"அதைக் கழட்டமாட்டன் எண்டு சொல்லும்," என்றார் என்னிடம்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் விளக்கினான். தங்கத்தின் நிழல் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் ஊசி தெரியாமல் போகும் என்றான்.

"அக்கா, அவர் சொல்றது நியாயம்தானே?"

"நியாயமாயிருக்கட்டும். இவர் ஒப்பரேசன் முடிஞ்சு வீட்ட வந்த நாளிலயிருந்து நான் தாலிக்கொடியைக் கழட்டினதேயில்லை. குளிக்கேக்கயும் இல்லை. ஊசி வயித்துக்குள்ள கிடந்தாக் கிடந்திட்டுப் போகட்டும். இது எவ்வளவு தடிப்பு எண்டு அவனுக்குக் காட்டுறன், பொறும். இதுக்குப் பின்னால எப்படிப் படம் எடுக்கிறது எண்டு அவனே யோசிக்கட்டும்."

சொல்லிக்கொண்டே ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக் கொடியை வெளியே இழுத்தார்.

கொடியில் இரண்டு சட்டைப்பின்கள் தொங்கின. அவற்றுக்கு நடுவில், ஒழுங்காக மூடிய நிலையில், என் வெண்கல வில் ஊசி ஒன்றும் தொங்கியது.

மூவரும் அதைப் பார்த்தோம். என் அம்மா, சித்தி, எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தாலிச் சங்கிலியில் ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள். பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு கணம்கூட அது நினைவுக்கு வரவில்லை.

"அந்த ரீச்சர் கதைக்க வந்தவ," என்றார் சுகந்தி அக்கா மெதுவாக. "வாயில ஊசியோட எப்படிப் பதில் சொல்லுறது? எடுத்துக் கொழுவியிருப்பன்."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நான். அந்த இளைஞனுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான். நான் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி என்று தோன்றியது.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். மனம் லேசாகும் நேரத்தில்தான் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கிடைத்தது ஓர் ஊசி. தொலைந்த ஊசியா?

"அக்கா, இது இன்னைக்குக் கோத்ததுதானா? நிச்சயமாத் தெரியுமா?"

அவர் ஊசியை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"இண்டைக்காத்தான் இருக்கவேணும்."

"போன வாரம் பட்டறையில போட்டுப் பாத்தோமே. அப்பவும் வாயில வெச்சிருந்தீங்க. இது அன்னைக்கு எடுத்ததா இருந்தா? பெட்டிக்கு மேல மிஞ்சின ஊசிகளை அன்னைக்கு நான் எண்ணி வைக்கலை."

கேட்டபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. சந்தோஷமாக இருந்த ஒருவரை மறுபடியும் பயத்துக்குள் தள்ளினேன். ஆனால் அவர் நினைவில் ஆசிரியை இருந்தார், ஊசியைக் கோத்த நொடி இல்லை. "கொழுவியிருப்பன்" என்றுதான் சொன்னார். "கொழுவினனான்" என்று, அதாவது மாட்டினேன் என்று, சொல்லவில்லை. தொண்டை இன்னும் அரித்தது.

"படம் எடுத்துடலாம்கா," என்றேன்.

சுகந்தி அக்கா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீர் என்ர மருமகளா வந்திருந்தா வீடு ரெண்டுபட்டிருக்கும்," என்றார். பிறகு இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடியின் கொக்கியைக் கழற்றினார். அது இறுகியிருந்தது, நேரமெடுத்தது. நான் உதவப் போகவில்லை. கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் உள்ளங்கையில் வைத்தார். உடம்புச் சூடு அதில் இருந்தது.

"கீழ வைக்காதேயும்."

வைக்கவில்லை. இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே கதவு சாத்தும் சத்தமும், மூச்சை அடக்கச் சொல்லும் குரலும் கேட்டன. என் கைக்குள் ஒருவருடைய கல்யாணம் இருந்தது. அதில் நான் செய்த ஊசியும் கோத்திருந்தது. அதைவிடக் கனமான எதையும் அந்தத் தொழிலில் நான் தூக்கியதில்லை.

படத்தில் ஒன்றும் இல்லை. மருத்துவர் திரையைத் திருப்பி எங்களிடமே காட்டினார். விலா எலும்புகள், முதுகெலும்பு, மற்றபடி சுத்தம். தொண்டையில் இருந்தது இருமலின் கீறல்தான், ஓரிரு நாளில் போய்விடும் என்றார். சுகந்தி அக்கா திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"என்ர நெஞ்சுக்குள்ள இவ்வளவு இடமிருக்கே," என்றார்.

பள்ளிக்குப் போன் செய்தேன். ஆசிரியை முதல் மணியிலேயே எடுத்தார். அங்கியிலும் ஊசி இல்லை, புல்லிலும் இல்லை, உங்கள் தோழி எப்படி இருக்கிறார் என்று ஒரே மூச்சில் கேட்டார். ஊசி இங்கேதான் இருக்கிறது, ஆள் நலம் என்றேன். மறுமுனையில் அவர் யாரிடமோ திரும்பி அதைச் சொல்ல, பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. ஊர்வலத்தை அவர்கள் மேலங்கி இல்லாமலே நடத்திவிட்டார்கள். பள்ளி ஸ்வெட்டரும் அட்டை வாளுமாக நடந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. போட்ட உடனே அங்கி கனக்கிறது என்று முனகியவர்கள்தானே.

கொடியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"வைச்சிரும். இவர் கட்டினது. இவர்தான் போட்டுவிடவேணும்."

அதனால் பட்டறைக்குத் திரும்பாமல் வென்ட்வேர்த்வில்லுக்குப் போனோம். வெயில் இருந்தது. அவருடைய கணவர் வீட்டு வாசலில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அடுத்து மனைவியின் கழுத்தைப் பார்த்தார். குழாய் கையிலிருந்து நழுவி அவர் காலிலேயே தண்ணீர் ஓடியது.

"என்னப்பா, கழுத்து வெறுமையாக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரியில படம் எடுத்தவங்கள். எல்லாம் நல்லாயிருக்காம். முதல்ல இதைப் போட்டு விடுங்கோ, பிறகு சொல்லுறன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முகத்தில் நிறம் திரும்பக் கொஞ்சம் நேரமானது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கொடியை வாங்கி, கொக்கியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"திரும்பவும் என்னையே கட்டப் போறீரோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"பகிடியை விட்டிட்டுக் கொழுவுங்கோ. அந்தப் பிள்ளை நிக்குது."

அவருக்குக் கொக்கி பிடிபடவில்லை. கண்ணாடி உள்ளே இருக்கிறது என்றார். நான் போய்ச் சமையலறை மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து கொடுத்தேன். கொடியிலிருந்த ஊசிகள் எல்லாவற்றையும் நான் ஏற்கனவே கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அவர் மாட்டிவிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எதையும் மூடியதும் இழுத்துப் பார்க்கும் ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு பட்டறையில் இரண்டு மாற்றம் செய்தோம். இன்று நீங்கள் காணும் ஒவ்வொரு மேலங்கி ஊசியின் தலையிலும் ஒரு துளை இருக்கிறது. அதில் கயிறு கோத்து அங்கியின் விளிம்போடு தைத்திருக்கிறோம். பழங்கால ஊசிகளிலும் இப்படி உண்டு. நான்தான் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டிருந்தேன். கயிற்றோடு இருக்கும் ஊசியை வாயிலும் வைக்க முடியாது, வேறெங்கும் கோக்கவும் முடியாது. அழகு கெடுகிறது என்று எந்த வாடிக்கையாளர் சொன்னாலும் கயிற்றை வெட்டாதீர்கள். இரண்டாவது, உடுத்திவிடுகிறவர் மணிக்கட்டில் ஒரு பஞ்சு மெத்தை கட்டியிருப்பார். தைக்கும்போது வரும் சின்ன ஊசிகளுக்கு அதுதான் இடம். சுகந்தி அக்கா அதைக் கட்டிக்கொண்ட முதல் நாள், அதைக் காட்டிக் கைக்கடிகாரம் ஓடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு வாரம் கழித்து, மதிய உணவின்போது அவர் குனிந்து எதையோ எடுத்தார். ஸ்வெட்டருக்கு வெளியே கொடி விழுந்தது. அதில் இரண்டு சட்டைப்பின்கள் மறுபடியும் தொங்கின. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைக்கா."

"உம்மட ஊசி இதில இல்லை. வடிவாப் பாரும்."

நன்றாகப் பார்த்தேன். இல்லை. அவர் கொடியை உள்ளே விட்டுக்கொண்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு கட்லெட்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.